சாக்குக்காரியின் மேய்ச்சல் நிலம்

ஊரில் எல்லோரும் அவளைச் சாக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கக்கத்தில் ஒரு காலிச் சாக்கு இருக்கும் என்று கேலி வேறு. பேசட்டும். அந்தச் சாக்கைக் கையில் எடுப்பதற்குள் ஒரு பசுவைப் பறிகொடுத்தவள் அவள்.

அவள் குடும்பத்து மேய்ச்சல் நிலத்தில் மஞ்சள் பூச்செடி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. தின்றால் மாட்டின் ஈரலையே அழித்துவிடும் விஷச்செடி. முதல் தடவை இடுப்பு ஒடியப் பிடுங்கி, வேலியோரம் மலையாகக் குவித்தாள். ‘ஒழிந்தது சனியன்’ என்று கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அங்கேதான் கோட்டை விட்டாள். குவியல் காய்ந்தது. சினையாக இருந்த சுட்டிப்பசு வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

“பச்சையா இருந்தா கசக்கும், மாடு மோந்து பாத்துட்டுப் போயிடும். காஞ்சா கசப்பு குறைஞ்சிடும்மா, விஷம் அப்படியே இருக்கும்” என்றார் மாட்டு டாக்டர். பசு பிழைக்கவில்லை. தொழுவத்தில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.

நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரனான கொழுந்தன் இதுதான் சாக்கென்று வந்து நின்றான்.

“அண்ணி, இது ஆகற காரியம் இல்ல. செங்கல் சூளைக்காரர் கேக்கறாரு. நிலத்தையும் மாட்டையும் வித்துடுவோம்.”

“மூணு வருஷம் குடு. அப்புறம் பூக்கற காலத்துல நீயே வந்து தேடு. ஒரே ஒரு பூ இருந்தாலும் கையெழுத்துப் போடறேன்.”

மழையில் மண் இளகியதும் இறங்கினாள். மொட்டு விடும் முன்பே வேரோடு தோண்டினாள். ஒரு இலையைக்கூடத் தரையில் போடவில்லை. எல்லாம் சாக்குக்குள் போய், மாடு எட்டாத குழியில் எரிந்தது. வெற்று மண்ணைக் கண்டால் சனியன் மறுபடி குடியேறும் என்று, தோண்டிய இடமெல்லாம் புல்விதை தூவினாள். இரண்டாம் வருடம் மண்ணில் கிடந்த விஷச்செடியின் பழைய விதையெல்லாம் முளைத்து, முன்னைவிட அதிகமாக நின்றது. கொழுந்தன் சிரித்தான். அவள் இரண்டாவது சாக்கை எடுத்தாள்.

மூன்றாம் வருடம், பூக்கும் காலத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையோடு கொழுந்தன் வந்தான். மூலைமுடுக்கெல்லாம் தேடினான். மஞ்சள் என்று சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் உயரப் புல்லில் பதினோரு மாடுகளும் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைசியில் ஓடைக்கரையில் விரல் உயரத்தில் அந்த விஷச்செடி ஒன்று அகப்பட்டது. வெடுக்கென்று பிடுங்கினான்.

“பூ இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல… மொட்டுகூட இல்ல.”

“பாதி வேர் உள்ளயே நிக்குது பாரு. தோண்டி எடு.”

அவன் மடிப்பை மறந்து மண்டியிட்டு, விரலாலேயே தோண்டி வேரை எடுத்தான். எங்கே போடுவதென்று தெரியாமல் வேலிப் பக்கம் கையை ஓங்கியவன், சட்டென்று நிறுத்திக்கொண்டு திரும்பினான்.

“அண்ணி, சாக்கு எங்க?”