தலைவாரிய போராட்டக்காரிகள்

இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைந்து வருகிறேன். என் சித்திரங்களில் எவரும் அழுததில்லை. எவருடைய தலைமயிரும் கலைந்ததில்லை. சினந்த முகம் ஒன்று தப்பித் தவறி நுழைந்தால் பதிப்பகத்தார் திருப்பியனுப்பிவிடுவர். நாளடைவில் அந்தச் சிரமத்தையும் அவர்களுக்கு வைக்காத அளவுக்கு நான் தேர்ந்துவிட்டேன்.

பெண் மருத்துவர் ஒருவரின் கொடிய மரணத்துக்கு நீதி கேட்டு, நாங்கள் வாழும் வங்காளத் தலைநகரமே தெருவில் இறங்கிய மழைக்காலம் அது. மருத்துவம் பயிலும் என் மகள், மறுநாள் மாலை நகரின் பாலிகஞ்ச் பகுதியிலிருந்து புறப்படவிருந்த ஊர்வலத்துக்கு ஒரு பதாகை வரைந்து தரும்படி கேட்டாள். என் தொழிலை நம்பி அவள் கேட்ட முதல் உதவி அது. பெஹாலா பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளை அட்டையை விரித்தபோது, வரலாறே எனக்காகக் காத்து நிற்பதாக ஒரு தோரணை என்னிடம் வந்திருந்தது.

ஆறு பெண்கள், உயர்ந்த ஆறு கரங்கள், சிவந்த வானம். முடித்ததும் இரண்டடி பின்வாங்கி நின்று கண்கலங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மகள் நெடுநேரம் பார்த்தாள். "அம்மா, இவங்கல்லாம் ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்காங்க?"

"அது மன உறுதிடீ. உதட்டைப் பாரு."

"உதட்டைத்தான் பார்க்கறேன்."

தேயிலை கேட்டு வந்த மாடிவீட்டு அம்மையாரும் எட்டிப் பார்த்தார். ஊர் வழக்கப்படி நான் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றழைப்பேன். "டீச்சர் கேள்வி கேட்டாச்சு. ஆறு பேருக்கும் விடை தெரியும் போலிருக்கே!" என்றார் வங்காள மொழியில்.

விரிந்த உள்ளங்கைகளே குற்றவாளிகள் என்று அவசரமாக விரல்களை மடக்கினேன். ஆறு பேரும் பேருந்தின் கைப்பிடியைப் பற்றி நின்றனர். புருவங்களை நெரித்தேன், கணக்குத் தேர்வு எழுதலாயினர். கடைசியில் கண்ணாடியின் முன் நின்று என் முகத்தையே சினக்கவைத்துப் பார்த்தேன்.

"பல்வலியா அம்மா?" என்றாள் மகள்.

மறுநாள் பிற்பகல் வரை திருத்தியும் அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருந்தனர். வேறு அட்டையில்லை, நேரமும் இல்லை. பௌதி அட்டையைப் புரட்டிப் போட்டு, என் தடித்த தூரிகையால் வங்காள எழுத்தில் 'நீதி வேண்டும்' என்றெழுதினார். வரி சாய்ந்தது, மை வழிந்தது. இடைவெளியைச் சீர்செய்ய நீண்ட என் கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதே. இதான் வேணும்."

ஊர்வலத்தில் அவள் அதை உயர்த்திப் பிடித்து முன்னே நடந்தாள். நான் நேர் பின்னால். ஊருக்கு பௌதியின் எழுத்து. எனக்கு என் ஆறு பெண்கள். வழி நெடுக என்னைப் பார்த்தே முறுவலித்து வந்தனர்.

பக்கத்தில் நடந்த பெண் ஒருத்தி எழுத்தைக் காட்டி மகளிடம், "பிரமாதம், யார் செய்தது?" என்றாள்.

"எங்கம்மா" என்றாள் மகள், திரும்பிப் பாராமலேயே.

அச்சுப்பிழை ஒன்றைக் கண்டாலும் உறக்கம் கொள்ளாத நான், அதை மட்டும் திருத்தவில்லை.