ஒன்பதாம் நம்பர்

பாரிஸ், ரூ காய் தெருவில் ஒரு தேநீர்க்கடை. மூன்று பேர் இலங்கையில் விட்டுவந்த தங்கள் ஊரின் பெயரில் இங்கே ஆடும் உதைபந்தாட்ட அணியைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். போன கோடையில் எல்லா ஆட்டமும் தோல்வி.

பக்கத்து ஊர் அணியின் இளம் கோல்காப்பாளர் வேண்டுமாம். அவன் தாய் இவர்கள் ஊர். அதனால் இவர்கள் அணியிலும் ஆடலாம்.

"பதிலுக்கு எங்கட ஒன்பதாம் நம்பரைக் குடுப்பம். அவர் கட்டின மனுசி அந்த ஊர்தானே. அவருக்கு வயசும் போட்டுது," என்று நரைத்த தாடிக்காரர் மேசையைத் தட்டுகிறார். மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"அவர் போவாரா?" என்று பக்கத்து மேசையிலிருந்து நான் கேட்கிறேன்.

"ஓம், போவன். நான்தான் அந்த ஒன்பது." தாடிக்காரர் முழங்காலைத் தடவுகிறார். "முதல் சேர்ட்டில நம்பரைக் கையால தைச்சுத் தந்தது என்ர மனுசி."

பிறகு நண்பர்களிடம் திரும்புகிறார்.

"எங்கட பெடியளுக்கு எதிரா கோல் அடிக்க மட்டும் கேக்காதேங்கோ."