திரும்பி வரும் கம்பி

"இன்னைக்கு யாரு திட்டியிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் கரன்ட்டம்மா கணினியைத் திறப்பார். எங்கள் ஆய்வுக்கூடம் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. நேரில் எல்லோருக்கும் அக்கா. திரையில் நாலைந்து வசவுகளாவது காத்திருக்கும். அவற்றைப் பாராட்டுப் பத்திரம் போல உரக்க வாசித்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார்.

ஒரு தெருவின் மின்கம்பிகள், டிரான்ஸ்பார்மர், கூரைமேல் சோலார் தகடுகள் எல்லாவற்றையும் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் அவருடையது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்கலாம், குறை சொல்லலாம். "நிஜத்துல கம்பி எரிஞ்சா தெருவே இருட்டு. இதுல எரிஞ்சா எனக்கு மட்டும்தான் தலைவலி" என்பார். பதினோரு வருஷமாக ஊர் ஊராக மின்சாரம் ஓட்டிப் பார்க்கிறவர் வீட்டில் அழைப்பு மணி அடிக்காது. "தட்டுங்க. நான் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் எலக்ட்ரீஷியன்" என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அவர் எழுதும் ஒவ்வொரு திருத்தத்தையும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவர் நான். படிப்பேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

போன மாதம் ஒரு காலை வந்தது வசவு இல்லை. சிற்றூர் லைன்மேன் ஒருவர் மூன்றே வரி எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். அக்கா உடனே ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"மேடம், எங்க தெருவுல நாப்பது வீட்டுக்கு சோலார் குடுக்கலாம்னு உங்க புரோகிராம் சொல்லுச்சு, குடுத்துட்டோம். இப்ப மத்தியானமானா வோல்டேஜ் எகிறுது. கடைசி வீட்டுல ஒரு பெரியவர் மூச்சு மெஷின்ல இருக்காரு. அது பொட்டுனு நின்னுபோகுது. அவர் பொண்ணு என்னைத்தான் கேக்குறாங்க."

மணி பத்தரை. "பாதி வீட்டு சோலாரை இப்பவே அணைச்சு வைங்கண்ணா. ஏன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார் அக்கா. குரலில் விளையாட்டே இல்லை. அவரை அப்படிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டரைக்கு லைன்மேனே கூப்பிட்டார். "மெஷின் ஓடுது மேடம். பெரியவர் டிவி சத்தம் பத்தலைன்னு கத்துறாரு."

"கத்தட்டும்ணா, நல்லாக் கத்தட்டும்" என்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பிழை அகப்பட்டது. மின்சாரம் போகும் கம்பியைக் கணக்கில் எடுத்திருந்தது மென்பொருள். திரும்பி வரும் நியூட்ரல் கம்பியை விட்டுவிட்டது. அதையும் சேர்த்ததும் நாற்பது வீடு இருபத்திரண்டாக இறங்கியது. "ஊர் சுத்தப் போக பஸ் வெச்சேன், திரும்பி வர வைக்கலை. நல்ல ஆளு நான்!" என்றார்.

மென்பொருளில் அந்தக் கணக்கு வரியை அவர் எழுதியது போன வருஷம். அதற்குக் கீழே என் பெயரில் "படித்தேன், சரி" என்று இருந்தது. அவர் அனுப்பியதற்கும் நான் ஒப்புதல் தந்ததற்கும் நடுவே நாற்பது நொடி. அந்த நேரத்தில் என்னால் ஒரு வாழைப்பழத்தைக்கூட உருப்படியாகத் தின்ன முடியாது.

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் வந்து எட்டிப் பார்த்தார். "அடுத்த பதிப்புல 'சிறு மேம்பாடுகள்'னு போட்டு, சத்தமில்லாம சரி பண்ணிடலாமே?" எனக்கு அவர்மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்தது.

"சத்தமில்லாம பண்ணா, இன்னொரு தெருவுல இருக்கிறவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் அக்கா. இயக்குநர் வந்த வழியே போய்விட்டார்.

மென்பொருளின் முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அக்கா அறிவிப்பு எழுதினார்: 'எங்கள் எண்ணிக்கையை நம்பி இணைப்புக் கொடுத்தவர்கள் உடனே மறுபடி கணக்கிடுங்கள். பிழை என்னுடையது.' கீழே தன் பெயர். பின்னால் நின்று இரண்டு முறை வாசித்தேன். இந்த முறை நிஜமாகவே வாசித்தேன். என் பெயர் எங்கும் இல்லை.

"அக்கா... அதை நான்தான் சரின்னு..." என்று இழுத்தேன்.

"ஆமா" என்றார்.

சற்று ஓரமாக நகர்ந்து, விசைப்பலகையை என் பக்கம் திருப்பி வைத்தார்.