சித்தி தின்ற முதல் துண்டு

என் கணவரின் முதல் தாரத்து மகள் இன்று என்னைப் பாலக்காட்டுக்குப் படம் பார்க்க அழைத்துப் போனாள். நஞ்சுப் பழம் கொடுத்த மாற்றாந்தாய் ராணி தன் பக்க நியாயத்தைச் சொல்லும் தேவதைக் கதை. கார்ட்டூன் அல்ல, ஆட்கள் நடித்தது.

படத்தைத் தேர்ந்தெடுத்தது அவள் என்பதால், முடியும்வரை நான் திரையைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

முதலமடைக்குத் திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். "அந்த ராணி பாவந்தானே, கண்ணு?"

"என்னங்க சித்தி பாவம்? பழத்துல ஒரு துண்டு அவ தின்னு பாக்கவே இல்லைங்களே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கள்ளின்னு. நீங்க ருசி பாக்காம எனக்கு ஒரு மாம்பழம் குடுத்திருக்கீங்களா?"

மாந்தோப்பு வீடுகளில் முதல் துண்டைத் தின்று பார்த்துவிட்டுக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்துக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

முதலில் அறுக்கும் துண்டில்தான் சதை அதிகம் என்பது தெரிந்தவர்கள், தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.