எழுத்து முடிந்தது, கலியாணம் ஆகவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கம். தென் லண்டனில், ஆனி மாதத்து வெயில் பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்த ஒரு வாரநாள் காலையில் எனக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலையைப் பற்றி அல்ல. அதற்கு ஒரு மாதம் கழித்து அதே கட்டடத்தின் படிகளில் மூச்சிரைக்க ஏறிய இன்னொரு காலையைப் பற்றி.

எங்கள் ஆட்களின் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கலியாணம் இரண்டு துண்டு. ஒன்று எழுத்து: பதிவாளர் முன்னால் இருவரும் கையெழுத்து வைப்பது. மற்றது தாலி. எழுத்து வசதிப்பட்ட நாளில் நடக்கும். தாலி ஏறும்வரை பெண் அவள் வீட்டில், மாப்பிள்ளை அவர் வீட்டில். மிளகாய்த்தூள் பொதியோடு இந்தக் கணக்கையும் நாங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம்.

கலியாணம் கட்டுவதற்கென்று கிடைத்த விசாவில் வந்தவள் நான். தாலி கட்டு ஆவணியில், கோயிலில் என்று முடிவாகியிருந்தது. கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருந்த அப்பாவும் அம்மாவும் அதற்குள் வந்து சேரவேண்டும். நடுவில் ஆடி வேறு. விசாவுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. அதன் நாள் முடிந்துகொண்டிருந்தது. ஆகவே எழுத்தை முதலில் முடிப்போம் என்றார்கள்.

நான் வெம்பிளியில் அக்கா வீட்டில் இருந்தேன். இவர், அதாவது எனக்குப் பேசியிருந்தவர், மோர்டனில் ஒரு நண்பரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு காருக்குப் பெற்றோல் அடிக்கிற செட் ஒன்றில் இரவு வேலை செய்தார். இவருடைய பக்கத்துக் கவுன்சில் அலுவலகத்துக்குத்தான் அறிவித்தல் கொடுக்கப் போனோம். சும்மா கொடுத்தால் சில கிழமை காத்திருக்க வேண்டும், லைசென்ஸ் எடுத்தால் கெதியாக முடியும் என்று கவுண்டரில் சொன்னார்கள். லைசென்சே எடுத்தோம்.

"கார் ஓடுற லைசென்சுக்கு என்னை எத்தினை தரம் பெயிலாக்கினவன் தெரியுமே? இது கேட்டவுடன தாறான்," என்றார் அக்காவின் கணவரான அத்தான்.

"காரை இடிச்சால் மற்றவனுக்கெல்லோ சேதம்," என்றாள் அக்கா.

எழுத்து நாளில் இவர் வேலை முடிந்து நேரே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டைக் கையில் பெற்றோல் மணம். நான் அக்காவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கட்டியிருந்தேன், பட்டு ஆவணிக்கு. மோதிரம் இல்லை, மாலை இல்லை, கமெரா இல்லை. பதிவாளர் உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் வாசகங்களைச் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். உன்னை மனைவியாக ஏற்கிறேன் என்ற இடத்தில் இவருக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்துவிட்டது.

அந்தப் பெண்மணி நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இவர் வெலவெலத்துப்போய், மன்னிக்கவேண்டும், இரவு வேலை என்றார். அதுவரை விறைப்பாக இருந்த அந்த முகம் சட்டென்று இளகியது. தன் கணவருக்கும் இரவு வேலைதான் என்றும், முடிந்தால் கொட்டாவி விடாமல் அந்த வரியை இன்னொரு தரம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். இவர் சொன்னார். இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கணவன் மனைவி என்று சொல்லி, சான்றிதழை எங்களிடம் நீட்டினார்.

"அவ சொல்லுவா. ஆவணியிலதான் எல்லாம்," என்று என் முதுகுக்குப் பின்னால் அக்கா முணுமுணுத்தாள்.

வெளியே வந்து ஆளுக்கொரு பற்றிஸ் தின்றோம். இவர் நித்திரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். நான் அக்காவோடு ரயிலில் வெம்பிளிக்குத் திரும்பினேன். சான்றிதழை அத்தான் என் கடவுச்சீட்டோடு சேர்த்துக் குடிவரவுத் திணைக்களத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். எழுத்து முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் இவர் தொலைபேசி எடுப்பார். பேச்சு நீண்டால் அக்கா குசினிக்குள் சட்டி பானையைத் தட்டுவாள். எங்களுக்கும் நீட்டிப் பேசத் தெரியவில்லை. சாப்பிட்டீங்களோ, ஓம். நித்திரையோ, இல்லை. அவ்வளவுதான். அலுத்த குரல் ஒன்று கம்பிக்குள்ளால் வரும், போய்விடும். அந்தக் குரலோடுதான் இனி வாழ்க்கை என்று நினைத்தால், அந்த நினைப்பும் அலுப்பாகவே இருக்கும்.

ஆடி பிறந்து சில நாளில், காலைத் தேநீர் ஆறுவதற்குள், இவருடைய நண்பர் தொலைபேசி எடுத்தார். விடியப்புறம் இரண்டு பேர் பெற்றோல் செட்டுக்குள் புகுந்து கல்லாவில் கைவைத்திருக்கிறார்கள். இவர் மறித்திருக்கிறார். இரும்புக் கம்பியால் தலையில் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள்.

அக்காவும் நானும் ஜூபிலி லைனில் ஏறி, நோர்தேர்ன் லைனுக்கு மாறி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்ட் வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அடித்தவர்கள் யாரென்று தெரியாததால் உறவினர் மட்டும்தான் உள்ளே போகலாம். தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, பின்னேரம் சத்திரசிகிச்சை என்றாள் தாதி. பிறகு, நீங்கள் அவருடைய மனைவியா என்று என்னைக் கேட்டாள்.

"இல்லை," என்றேன் நான். "இன்னும் இல்லை."

நான் சொன்னது போதாதென்று, கலியாணம் ஓகஸ்டில் என்று அக்காவும் அடித்துச் சொன்னாள். தாதி பொலிஸ்காரரைப் பார்த்தாள். பொலிஸ்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். மன்னிக்கவேண்டும், அவருக்கு வேறு சொந்தக்காரர் இந்த நாட்டில் உண்டா என்று கேட்டாள். ஒருவரும் இல்லை. அப்படியென்றால் வெளியே இருங்கள் என்றாள்.

இருந்தோம். பிளாஸ்ரிக் கதிரை. கிருமிநாசினி மணம். கதவு திறக்கும், மூடும்; திறக்கிற அந்தக் கண நேரத்தில் உள்ளே ஒரு கட்டிலின் கால் தெரியும். அது இவருடைய கட்டிலா என்றுகூடத் தெரியாது. பின்னேரம் அந்தக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவார்கள். திரும்பி வராமலும் போகலாம். அப்படி நடந்தால், நான் நன்றாகப் பார்த்த கடைசி முகம் ஒரு கொட்டாவியாகத்தான் இருக்கும். அழுகை வரவில்லை. களைப்புத்தான் வந்தது, எலும்புக்குள் மணல் இறங்குவதுபோல.

நண்பர் தேநீரோடு வந்தார்.

"உள்ள போய்ப் பாத்தியே, தங்கச்சி?"

"விடீனமில்லை, அண்ணை."

"ஏன்?"

"நான் பெண்சாதி இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்."

"விசரே உனக்கு? சாட்சிக்குக் கையெழுத்து வைச்சது நானெல்லோ!"

அவர் பொலிஸ்காரரிடம் ஓடினார். பொலிஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். சற்று முன்னர் மனைவி இல்லை என்று இந்தப் பெண்ணே சொன்னாரே? என் கையைப் பார்த்தார், மோதிரம் இல்லை. முகவரி கேட்டார், நான் வெம்பிளி, இவர் மோர்டன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். ஏதாவது அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்றார். அத்தாட்சி குடிவரவுக் கந்தோரில் ஏதோ ஒரு தாள் மலையின் அடியில் கிடந்தது.

"எழுதின இடத்திலயே இன்னொரு கொப்பி எடுக்கலாம். வா," என்றார் நண்பர். அக்கா வாசலில் காவல் இருக்க, நாங்கள் இருவரும் பஸ் பிடித்தோம்.

பதிவு அலுவலகத்துக் கூடத்தில் பிறப்பைப் பதிய வந்தவர்கள், இறப்பைப் பதிய வந்தவர்கள், பூச்செண்டோடு ஒரு மணப்பெண், எல்லோரும் ஒரே வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர், சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்துவிட்டுப் போங்கள், சில நாளில் தபாலில் வரும் என்றார். நான் வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் எங்கோ போய்விட்டது. ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் வந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

அந்த நேரம் உள்கதவைத் திறந்துகொண்டு, மணப்பெண்ணை அழைக்க அந்த உயரமான பெண்மணி வந்தார். என்னைப் பார்த்தார். முதலில் நினைவில்லை; பிறகு நினைவு வந்தது.

"கொட்டாவி விட்டாரே, அவருடைய மனைவிதானே நீங்கள்? என்ன நடந்தது?"

நண்பர் சொன்னார். அந்தப் பெண்மணி மணப்பெண்ணிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்று பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத எனக்காக அவளும் தன் கலியாணத்தைச் சற்று நேரம் தள்ளிப்போட்டாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெண்மணி உள்ளேயிருந்து பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்து, மைப் பேனாவால் புதுப் படிவம் ஒன்றில் கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதத் தொடங்கினார். எங்கள் நீண்ட பெயர்களின் ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு எழுதினார். வசிக்கும் இடம் என்ற கட்டத்தில் இரண்டு முகவரிகள். பேனா அங்கே நின்றது. இன்னும் சேர்ந்து வாழத் தொடங்கவில்லையா என்று கேட்டார்.

ஆவணிவரை இல்லை என்றேன். ஆவணி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்து வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, தொலைபேசியை இழுத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்து வார்ட்டைக் கேட்டார்.

"நான் திருமணப் பதிவாளர் பேசுகிறேன். இப்போது ஒரு பெண் அங்கே வருவார். அவருக்குத் திருமணம் செய்துவைத்தது நான்தான். அவர் அந்த நோயாளியின் மனைவி. தயவுசெய்து உள்ளே விடுங்கள்."

எழுத்து நாளில் அதே சொல்லை அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அன்று அது காதோடு போயிற்று. இன்று வேறு யாருக்கோ சொன்னபோதுதான் எனக்குக் கேட்டது. மை காயவில்லை, மடிக்காதீர்கள் என்று சொல்லித் தாளை என்னிடம் தந்துவிட்டு, அந்த மணப்பெண்ணை அழைக்கப் போனார்.

பஸ்ஸில் அந்தத் தாளை இரண்டு உள்ளங்கையிலும் விரித்து ஏந்திக்கொண்டு இருந்தேன், தாம்பாளம் தூக்குவதுபோல. பஸ் குலுங்கும்போதெல்லாம் நண்பர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வார்ட் வாசலில் ஆள் மாறியிருந்தது. புதிய பொலிஸ்காரர், நீங்கள் யார் என்று கேட்டார்.

"மனைவி," என்றேன்.

அவர் கதவைத் திறந்துவிட்டார். அந்தத் தாளை ஒருவரும் பார்க்கவில்லை.

இவருடைய தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் மெல்லத் திறந்தது.

"எப்பிடி உள்ள வந்தனீ?"

"பெண்சாதி எண்டு சொன்னன்."

அந்தக் கண் கதவுப் பக்கம் போய் வந்தது. பிறகு, நாக்குக் குழறக் கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியுமே?"

சிரித்துக்கொண்டே அழுதேன். இவர் கையைத் தேடினார். கொடுத்தேன். பேனாவைக் கை மாற்றியபோது பட்ட விரலைத் தவிர, அதுவரை நாங்கள் தொட்டதில்லை.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. அப்பா அம்மாவின் விசாவும் பிந்தியது, இவருடைய தலைமயிரும் பிந்தியது. ஆவணி போய்த் தையில்தான் தாலி ஏறியது. ஆனால் இவரை ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்றைக்கே அக்கா என் உடுப்புப் பையை அடுக்கிவிட்டாள். "எழுத்துத்தான் முடிஞ்சுதே. போய்ப் பக்கத்தில இருந்து பார். சனம் கேட்டால் நான் சொல்லுறன்," என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாலி கட்டுக்கு அழைக்க அந்தப் பெண்மணியைத் தேடிப் போனோம். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். பெயர் என்னவென்று பிரதியின் அடியில் பார்த்தேன். அந்தக் கையெழுத்தை இன்றுவரை என்னால் வாசிக்க முடியவில்லை.

இவர் இப்போதும் எந்த நல்ல காரியத்தின் நடுவிலும் கொட்டாவி விடுகிறார். எழுதியபோது நீலமாக இருந்த அந்த மை, வருடங்கள் போகப் போகக் கறுத்து ஊறிவிட்டது. கலியாண நாள் எது என்று கேட்கிறவர்களுக்குத் தையில் என்றுதான் சொல்கிறேன். சொன்ன பிறகு, பஸ் குலுங்கக் குலுங்க ஈரம் காயாத தாளொன்றை ஏந்திக்கொண்டு, எனக்கே பழகாத ஒரு சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி போன அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.