நான் வெட்டிய கம்பி

அந்த மழையின் நான்காம் நாள் காலையில் என் ஆறு வயது மகள் ஜமீலாவைக் கண்ணாடி விரியன் கடித்தது.

ஈமான் கொண்ட சகோதர சகோதரிகளே, எழுபதுகளின் தொடக்கத்தில் கடத்தூரில் நான் சைக்கிள் கடை வைத்திருந்தேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். இருந்த விஷமுறிவு மருந்து முந்தின வாரமே செலவாகிவிட்டது, இனி தர்மபுரியிலிருந்துதான் வரவேண்டும் என்றார் டாக்டர். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம். டெலிபோன் கம்பங்கள் சாய்ந்துகிடந்தன. பிள்ளையின் கால் வீங்கிக்கொண்டே போனது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

"சென்னப்பன் வாத்தியார்கிட்ட பேசற ரேடியோ இருக்குதுங்களே பாய். ஓடுங்க," என்றார் கம்பவுண்டர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சென்னப்பன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துபவர். சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, இடையில் செம்புக் கம்பி கட்டியிருந்தார். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவரும், தர்மபுரியிலும் சேலத்திலும் இருந்த அவரைப் போன்ற மூன்று பேரும் ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆஜர் எடுப்பார்கள். ஆபத்துக் காலத்தில் ஊருக்கு உதவுமாம். அந்த வருடமும் மழை பொய்த்தது. அந்தக் கம்பிதான் மேகத்தை விரட்டுகிறது என்று ஊரில் பேச்சு. எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவன் நான்தான். ஒருநாள் கட்டிங் பிளையரோடு மாடி ஏறி, கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். அவர் கீழே நின்று பார்த்தார். பதினெட்டாம் நாள் மழை கொட்டியது. பார்த்தீர்களா என்று ஊர் முழுக்க மார்தட்டினேன். அந்த மழைதான் பாலத்தை மூழ்கடித்தது.

டிஸ்பென்சரி வராந்தாவில் நின்று துஆ கேட்டேன். "யா அல்லாஹ், என் பிள்ளையைக் காப்பாற்று. யாரை வேண்டுமானாலும் அனுப்பு. அந்த ஆள் மட்டும் வேண்டாம்." அப்படித்தான் கேட்டேன், பொய் சொல்லமாட்டேன். வேறு யாரும் வரவில்லை. டாக்டர் வேண்டிய மருந்தைச் சீட்டில் எழுதி என் கையில் திணித்தார்.

கதவைத் திறந்த வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சீட்டைப் படித்தார்.

"செட்டு இருக்குது. கம்பி எங்கீங்க பாய்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெட்டிய துண்டுகளை ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தார். அவற்றை முறுக்கி இணைத்தார். உதவிக்கு நான் கை நீட்டினேன்.

"கம்பியத் தொடாதீங்க. மூங்கிலப் புடிங்க."

ஒரு மூங்கில் காற்றில் சாய்ந்துபோயிருந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். மாடி அறையில் லாரி பேட்டரியில் செட்டு ஓடியது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். எல்லாம் இங்கிலீஷ், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டவர் முழுச் செய்தியையும் திருப்பிச் சொல்லவேண்டும், ஒரு சொல் விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அந்த இரைச்சலுக்குள் முகம் தெரியாத யாரோ ஒருவர் "ஜமீலா" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

தர்மபுரியில் கேட்டவர் செய்தியை எழுதிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மூன்று மணிக்குப் பாலத்தின் அக்கரையில் ஜீப் வந்து நின்றது. கயிறு கட்டி மருந்துப் பெட்டியை இழுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளை பிழைத்தாள்.

பத்து நாள் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "புள்ளைக்காகச் செஞ்சனுங்க. உங்களுக்காக இல்லீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த வருடமும் மழை தள்ளிப்போனது. கம்பியை வெட்ட நாலு பேர் அரிவாளோடு அவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் முந்திப் போய் அந்த மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். "மொதல்ல என்னைய வெட்டிட்டு மேல ஏறுங்கடா," என்றேன். என் வாய் எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியும். திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். அவர் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். அவன் காட்டும் ஆள் உங்களுக்குப் பிடிக்காதவராக இருக்கலாம். வெட்கத்தை விட்டுவிட்டு அவர் கதவைத் தட்டுங்கள்.