ரயில் போகும்வரை நிறுத்திய பாடம்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஒளிச்சேர்க்கைப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் வாய் தானாக அந்த வரியைச் சொன்னது. பத்தாம் வகுப்பு அறிவியலை இரண்டு முறை எழுதித் தேறியவன் நான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

பொம்மிடிப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் கேட்கீப்பராக இருந்தேன். போன், கொடி, கேட்டை இறக்கும் சக்கரம், வெயிலில் உருகும் கிரீஸ் வாசனை. பேச ஆள் கிடையாது. மகள் வசந்திக்கு ஒன்பது வயதாகியும் படிக்க வரவில்லை. எல்லா அப்பன்களையும் போல நானும் ஸ்கேலை எடுத்தேன். அவள் அழவில்லை. "எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுப்பா" என்றாள். அன்றோடு ஸ்கேலைத் தொடவில்லை.

தருமபுரியில் சோதித்துப் பார்த்த டீச்சர், "கற்றல் குறைபாடுங்க. புள்ள மக்கு இல்ல. படிச்சுக் காட்டுங்க, காதுல வாங்கிக்கும்" என்றார்.

"அதுக்கு நாலு ஆடு வாங்கி வுடுங்க, மேய்ச்சாவது பொழைக்கட்டும்" என்றாள் என் மனைவி.

பள்ளி விட்டதும் வசந்தி கேட்டுக்கு வருவாள். வேலிக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்காருவாள். நான் கேட் அறை வாசலில் நின்று அவள் பாடத்தைப் படிப்பேன். ரயில் வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கொடியோடு ஓடுவேன்.

"எங்க வுட்டேன் கண்ணு?"

"பச்சையம்னு சொன்ன, ரயில் வந்துடுச்சு."

ஒரு சொல் பிசகாது.

பத்தாவது பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியை எழுதினார். முடிந்ததும் என்னிடம் வந்தார். "நடுவுல ரயில் சத்தம் கேட்டுச்சுங்க. அது போற வரைக்கும் புள்ள வாயே தொறக்கல. போனதும் வுட்ட எடத்துலருந்து சொல்லுது!" சிரித்தேன். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் தேறிவிட்டாள்.

இப்போது அவளுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மனைவி காலமாகி இரண்டு வருஷமாகிறது. கேட்டை எடுத்துச் சுரங்கப்பாதை போட்டார்கள். புங்கமரமும் போனது. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பேன்: "ஏதாச்சும் படிச்சுச் சொல்லணுமா கண்ணு?"

"போனே படிச்சுக் காட்டிடுதுப்பா. நீ சாப்டியா?"

சாப்பிட்டேன் என்பேன். தன் காலில் அவள் நிற்க வேண்டும் என்றுதான் அத்தனை வருஷம் தொண்டை வறளப் படித்தேன். நிற்கிறாள். சந்தோஷம்தான். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் யாரும் இல்லை.